என் படித்துறையும் ஜெனிட்டா டீச்சரின் குப்பியும்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரை. அதுவும் முழுசாக இல்லை. ஆனால் சிங்கப்பூரில் என் கை கலவை போட்ட கட்டடங்களில் இன்றைக்கும் விரிசல் கிடையாது. ஊர் திரும்பி சிமெண்டு, கம்பி, டைல்ஸ் என்று கடை போட்டேன். குடமுருட்டிக் கரையில் வெளிநாட்டுப் பணத்தில் எழும்பிய மாடி வீடுகளில் பாதிக்கு என் கடைச் சரக்குதான். நாகநாதன் என்று கேட்டால் திருவையாறு பஸ் ஸ்டாண்டிலேயே வழி சொல்வார்கள். இதைச் சொல்லிவிட்டுத்தான் ஜெனிட்டா டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அந்தம்மாவைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

டீச்சர், மாதா கோயில் பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்த மதலைமுத்துவின் மகள். திருச்சியில் படித்துவிட்டு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே அறிவியல் டீச்சராக வந்தார். தொண்ணூறுகளின் கடைசி அது. வீட்டுக்கு ஒருவர் வெளிநாடு போய்க்கொண்டிருந்த காலம். அவர் தம்பி ரெஜின் மஸ்கட்டில் இருந்தான். மஸ்கட்டிலும் நம்ம ஜனங்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, வேலைக்கு வந்துவிடு என்று வருஷா வருஷம் கூப்பிட்டான். அங்கே ஆறு இல்லையே என்று சொல்லி மறுத்துவிட்டாராம். நான் ஆளாவதற்குக் கடல் தாண்ட வேண்டியிருந்தது. இவர் ஒரு மொபெட்டில் ஊருக்குள்ளேயே சுற்றிக்கொண்டு பெரிய ஆளாகிவிட்டார்.

ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களில் வெள்ளிக்கிழமை மத்தியானம் பிள்ளைகளைக் கரைக்குக் கூட்டிப் போவார். மூங்கில் சட்டத்தில் கொசுவலையைக் கட்டி அடித்தண்ணீரை அரிப்பார்கள். சிக்கியதை வெள்ளைத் தட்டில் கொட்டி ஒவ்வொரு பூச்சியாகப் பார்ப்பார்கள். மூன்று வால் உள்ள சின்னப் பூச்சி கிடைத்தால் தண்ணீர் சுத்தமாம். சிவப்புப் புழு மட்டும் கிடைத்தால் கெட்டதாம். பிறகு கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் பிடித்து மருந்து விடுவார்கள். பழுப்பாகத் திரண்டால் தண்ணீரில் காற்று இருக்கிறது, மீன் மூச்சு விடலாம். வெள்ளையாக நின்றால் இல்லை. எந்தத் துறையில் என்ன வந்தது என்று பஸ் நிறுத்தத்துக் கரும்பலகையில் எழுதிவைப்பார்கள்.

ஊர் அதை வாசித்துவிட்டுத்தான் மாட்டைக்கூட ஆற்றுக்கு ஓட்டும். என் பேத்தி குந்தவை, சோறு தின்னும்போது சிங்கப்பூர்க் கதை கேட்டவள். டீச்சர் வகுப்புக்குப் போனதிலிருந்து "டீச்சர் சொன்னாங்க" என்றுதான் வாயைத் திறப்பாள்.

அவள் அந்த வகுப்பில் சேர்ந்த வருஷம் என் சொந்தச் செலவில் ஒரு படித்துறை கட்டினேன். கருங்கல் படி, எவர்சில்வர் கைப்பிடி, பேர் வெட்டின கல். பெண்டு பிள்ளைகளை வெள்ளம் இழுக்கக் கூடாது என்று படியைச் சுற்றி ஆற்றுக்குள் அரைவட்டமாக மதில் எழுப்பினேன். ஆகாயத்தாமரை மிதந்து வந்து அடையாதபடி மதிலின் வாயைக் கிழக்கே, தண்ணீர் போகிற பக்கம் வைத்தேன். ஆடிப்பெருக்குக்கு மஞ்சள் கயிறு மாற்ற வருகிற ஒவ்வொருத்தியும் என் படியில்தான் கால் வைக்க வேண்டும். அதுதான் என் ஆசை.

பெருக்குக்கு முந்தின வெள்ளிக்கிழமை குந்தவை ஓடி வந்தாள். "தாத்தா, நம்ம படித்துறையில வெள்ளைதான் வந்துச்சு. ஒரே சிவப்புப் புழு."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனேன். டீச்சர் கரையில் தட்டு கழுவிக்கொண்டிருந்தார். மருந்து பழசாக இருக்கும் என்றேன். பிள்ளைகளுக்குப் பிடிக்கத் தெரியவில்லை என்றேன். அவர் சண்டை போடவில்லை. குப்பியை என் கையில் கொடுத்தார்.

"நீங்களே புடிங்கய்யா. குமிழி வராம தண்ணிக்குள்ள வச்சே மூடுங்க."

பிடித்தேன். வெள்ளை. மதிலைத் தாண்டி இடுப்பளவு இறங்கி நடு ஆற்றில் பிடித்தேன். பழுப்பு. பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது ஒரு அதட்டுப் போட்டிருக்கலாம்.

மதில் ஓட்டத்தை மறிக்கிறது, குளிக்கிறவர்களின் சோப்பும் பூவும் சோறும் உள்ளேயே தங்கி அழுகுகின்றன என்று பொறுமையாக விளக்கினார். பெருக்கு முடிந்ததும் பலகையில் எழுதுங்கள் டீச்சரம்மா என்றேன். பள்ளிக்கூடத்துக்கு மைக்ராஸ்கோப் வாங்கித் தருவதாகவும் சொன்னேன்.

"மைக்ராஸ்கோப்பு வேணும்தான்யா, அப்புறமா கேட்டு வாங்கிக்கிறேன். ஆனா கைக்குழந்தையெல்லாம் இங்க முங்கும். இன்னைக்கே எழுதணும்."

எழுதினார்கள். எல்லோரும் பழைய துறைக்கே போவது என்று பேச்சு கிளம்பியது. பூக்கட்டும் ராஜாத்தி, "நாகநாதண்ணன் ஆத்துக்கே காம்பவுண்டு போட்டுட்டாரு" என்றாளாம். அது தெருத் தெருவாகச் சுற்றி என் கடைக்கும் வந்து சேர்ந்தது. நான் கல்லில் வெட்டினது நிற்கவில்லை, அவர் சாக்கட்டியில் எழுதினது நின்றது.

வயிறு எரிகிறவன் சும்மா உட்கார்ந்திருப்பான் என்று நினைக்காதீர்கள். கட்டினவனுக்கு இடிக்கவும் தெரியும். மறுநாளே ஆள் இறக்கி மேற்கு மதிலில் வண்டி நுழையும் அகலத்துக்கு உடைத்தேன். ஆறு உள்ளே பாய்ந்த வேகத்தில் அடிக்கசடு கறுப்பாகக் கிளம்பி ஓடியது. டீச்சரிடம் சொல்லியனுப்பவில்லை. கண் இருக்கிறது, பார்த்துக்கொள்ளட்டும்.

ஆடிப்பெருக்கு அன்று காலையில் கூட்டம் வந்தது. மதிலை உடைத்த சேதி பரவியிருந்ததால் என் துறைக்குத்தான் வந்தது. காப்பரிசியும் காதோலை கருகமணியும் ஏந்திக்கொண்டு பெண்கள் மேல்படியில் நின்றார்கள். இறங்கவில்லை. கீழே டீச்சரும் பிள்ளைகளும் குப்பியோடு குனிந்திருந்தார்கள். முதல் ஆளாக நின்றவள் என் சம்சாரம் மங்களாம்பிகை.

"இறங்கு, நம்ம துறைதானே" என்றேன்.

கல்யாணமான நாளிலிருந்து என் சொல்லைத் தட்டாதவள். என் பக்கம் திரும்பாமலே, "சித்த இருங்க, டீச்சர் சொல்லட்டும்" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெள்ளை வந்துவிடக் கூடாதே என்று நானும் குப்பியை எட்டிப் பார்த்தேன்.

குப்பிக்குள் பழுப்பு திரண்டது. டீச்சர் நிமிர்ந்து எங்கள் பக்கம் தலையை ஆட்டினார். மங்களாம்பிகை இறங்கினாள். அவளுக்குப் பின்னால் ஊரே இறங்கியது.