எந்த மாசத்துக்கு அடுத்த மாசம்

ஏஜெண்ட் சார், நீங்கள் பொய் சொன்னீர்கள். போன வாரம் தஞ்சாவூர் மண்டபத்தில், வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களைக் கூட்டி வைத்து, மைக்கைப் பிடித்துக்கொண்டு, "நம்ம பாஷையிலயே நேரத்துக்கு மதிப்பு கிடையாதுங்க. தண்ணி வந்ததும், அறுப்பு முடிஞ்சதும்னு பேசுறவன் எப்படி முன்னேறுவான்?" என்றீர்கள். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு ஒரு கேசட் ஞாபகம் வந்தது. ஒரு பக்கம் சாமி பாட்டு. மறுபக்கம் பாட்டை அழித்துப் பதிந்த அத்தானின் குரல்.

அத்தானை, என் அக்கா புருஷனை, வளைகுடாவுக்கு வேலைக்கு அனுப்பியது நீங்கள்தான். எங்கள் தெருவுக்கு டெலிபோன் வராத காலம். அங்கே இருப்பவர்கள், லீவில் ஊருக்கு வருகிறவர்களிடம் பேசிப் பதிந்த கேசட்டைக் கொடுத்தனுப்புவார்கள். அத்தான் அனுப்பியதில் இப்படி இருந்தது: "ரெண்டு வருஷம் முடிஞ்சிடுச்சு. மொதலாளி பாஸ்போர்ட்டப் பூட்டி வச்சிருக்கான். விட மாட்டேங்குறான். ஏஜெண்டப் போய்ப் பாரு. எப்படியும் நடவுக்கு வந்துடுறேன்." அக்கா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். அவளுக்கு அதில் குழப்பமே இல்லை. ஆற்றில் தண்ணீர் வரும், நாற்று விடுவாள், அதைப் பறித்து நடுவதற்குள் அவர் வந்துவிடுவார். தேதியை மறப்பாள். நாற்றின் வயதை ஒருநாளும் மறந்ததில்லை.

மயிலாடுதுறையில் உங்கள் ஏ.சி. ஆபீசுக்கு நானும் கூடப் போனேன். "அடுத்த மாசம் வந்துடுவாரும்மா" என்றீர்கள். மறுபடி போனோம், அதே பதில். அதற்கடுத்த தடவை அக்கா கேட்டுவிட்டாள்: "எந்த மாசத்துக்கு அடுத்த மாசம்னு சொல்லிடுங்க சார். நாத்துகூட இவ்வளவு நாள் காத்திருக்காது, முத்திப்போயிடும்." நீங்கள் சிரித்தீர்கள். "காலண்டர் பாக்கத் தெரியாதாம்மா?" என்று வேறு கேட்டீர்கள்.

அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் வரவில்லை. நடவே இல்லாத வருஷத்தில், நடவுக்கு வருகிறேன் என்றவரை எப்போது எதிர்பார்ப்பது? அக்கா வயலைக் குத்தகைக்கு விட்டாள். கொஞ்ச நாளில் நடவும் அறுப்பும் அவள் பேச்சிலிருந்தே போய்விட்டன. யார் கேட்டாலும் "அடுத்த மாசம்" என்றாள், உங்களைப் போலவே. நடவு கடந்தால் கடந்ததுதான். வரவில்லை என்று தெரிந்துவிடும், அழுது தீர்க்கலாம். அடுத்த மாசம் கடக்கவே கடக்காது. அவர் வரும்போது வீடு பூட்டியிருக்கக் கூடாதென்று, சொந்தக்காரர் கல்யாணத்துக்குக்கூடப் போகாமல் உள்ளேயே கிடந்தாள். பல வருஷம் கழித்து, அங்கிருந்த நம் ஊர்க்காரர்கள் முதலாளியிடம் மன்றாடித்தான் அத்தானை அனுப்பி வைத்தார்கள்.

பேசுகிற பேச்சு ஆளின் யோசனையை மாற்றுமா என்பதெல்லாம் படித்தவர்கள் சொல்லட்டும். மாற்றியதை நான் வீட்டில் பார்த்தேன். அக்காவைக் கெடுத்தது உங்கள் பேச்சு.

மண்டபத்தில் அவளும் இருந்தாள், இரண்டாவது வரிசையில். அவள் மகன் வெளிநாடு போக உங்கள் சென்டரில் சேர்ந்திருக்கிறான். அவன் பாஸ்போர்ட் உங்கள் மேஜையில் இருக்கிறது. "எப்ப அனுப்புறாங்களாம்?" என்று அக்காவிடம் கேட்டேன்.

"அடுத்த மாசமாம்."

கேசட்டை அக்கா இன்னும் வைத்திருக்கிறாள். உங்கள் அடுத்த கூட்டத்துக்கு டேப் ரெக்கார்டரோடு வருகிறேன். அதே மைக்கில் அத்தான் குரலைப் போடுங்கள். போட்டுவிட்டு, அவ்வளவு பேர் முன்னால், அக்கா முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். எந்த மாசம்?