படகு வண்டிக்கு ஹப் வாங்கிய கதை

ஏரியின் மீன் குத்தகை எங்கள் தெருவுக்கு முதன்முதலாகக் கிடைத்த வருடம் அது. அதுவரை பெரிய தெருக்காரர் ஒருவர்தான் எடுத்துவந்தார். எங்கள் ஆட்கள் அவருக்கு வலை இழுத்துக் கொடுத்துவிட்டு, அவர் கழித்துப் போடும் மீனை வாங்கி வருவார்கள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் நாங்கள் அல்ல.

இந்த முறை வலையும் ஃபைபர் படகும் எங்களுடையவை. படகை ஏற்றிப்போக, நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து பழைய இரண்டு சக்கர வண்டி ஒன்றை அப்பா வாங்கி வந்திருந்தார். மீன் பிடிக்கும் நாள் நெருங்கியபோது, சக்கரத்தைத் தாங்கும் ஹப்களில் ஒன்று நொறுங்கியது, மற்றது ஆட்டம் கண்டது.

செய்தி கேட்டுப் பெரிய தெருக்காரர் எங்கள் வாசலுக்கே வந்தார்.

"என் டிராக்டர் டிரெய்லர்ல ஏத்திக்கங்கடா. காசெல்லாம் வேணாம். நானே வந்து கரையில நின்னு பாத்துக்கறேன்."

அப்பா தலையைச் சொறிந்தார். அப்பாவின் அக்காதான், என் அத்தை, பதில் சொன்னார்: "எங்க வண்டி ஓடுங்க. நீங்க எதுக்கு வெயில்ல வந்து நிக்கிறீங்க."

டிராக்டரில் ஏறும் வாய்ப்பைக் கெடுத்துவிட்டாரே என்று எனக்கு ஒரே கோபம்.

அரியலூரில் லாரி சாமான் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஹப் மாட்டும் அச்சு முனையின் அளவு வேண்டும். ஏலாக்குறிச்சி மாதா கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகள் வீட்டில் நிறைய இருந்தன. அவற்றை உருக்கி, அச்சு முனையைப் பதித்து எடுத்தார் அப்பா. குடும்பத்தில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால், கடைப் பலகைகளை வாசிக்க அப்பாவும் அத்தையும் என்னையும் கூட்டிப் போனார்கள். உச்சி வெயிலில் பஸ் அரியலூர் போய்ச் சேர்ந்தபோது மெழுகு இளகி உருண்டையாகியிருந்தது.

கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னம்மா இது, கொழுக்கட்டையா? இந்த அளவுக்கு மாட்டு வண்டியும் சேரும், லாரியும் சேரும்."

கடையே சிரித்தது. அவர் ஒரு லாரி ஹப்பைத் தூக்கி வைத்தார். "இத மாட்டுங்க. ஒங்க பேரன் காலத்துக்கும் ஒடையாது."

கனமாக இருந்தால்தான் உசத்தி என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அப்பாவின் கை அதை நோக்கிப் போனது.

"இந்தக் கனத்த மாட்டினா நம்மால இழுக்க முடியாது, தம்பி," என்றார் அத்தை. "அப்பறம் அவரு டிராக்டருதான் வரணும்."

"பொம்பளைக்கு ஹப்பப் பத்தி என்ன தெரியும்?" என்றார் கடைக்காரர்.

"ஹப்பு தெரியாதுங்க. இழுக்கறது தெரியும்."

மறுநாள் அச்சையே கழற்றி, காலியாகப் போன லாரி ஒன்றில் ஏற்றி, அந்தக் கடையின் வாசலுக்குக் குறுக்கே கொண்டுபோய்ப் போட்டார்கள். வந்தவர்கள் எல்லாரும் அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. கடைக்காரர் கத்திப் பார்த்தார். அத்தை நகரவில்லை.

"மாட்டிப் பாத்துட்டு எடுத்துடறோங்க."

எங்களைத் தொலைத்தால் போதும் என்று அவர் ஒவ்வொரு ஹப்பாக மாட்டிப் பார்த்தார். பின்பக்கக் குவியலில், ஏதோ பழைய காரின் ஹப் ஜோடி கச்சிதமாகப் பொருந்தியது. அத்தை ஒரு விரலால் சுற்றிவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். சத்தமே இல்லை.

"இதான்."

மீன் பிடிக்கும் நாள் விடிந்தது. ஏரி எங்கள் தெருவுக்கு நேர் பின்னால்தான். ஆனால் அத்தை வண்டியைப் பெரிய தெருப் பக்கம் திருப்பச் சொன்னார். நாலு பேர் இழுக்க, படகு அலுங்காமல் போனது. டிராக்டர்காரர் வீட்டு வாசலில் நிறுத்தச் சொல்லி, முந்தின நாள்தான் கிரீஸ் வைத்த ஹப்பைத் திறந்து அத்தை மறுபடியும் கிரீஸ் வைத்தார். அவசரமே படவில்லை. வீட்டுக்காரர் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கால் வலித்தது. "அத்தை, பின்னாடியே போயிருந்தா இந்நேரம் ஏரியில இருப்போம்ல?"

"பேசாம வா," என்றார்.

பக்கத்தில் இருக்கும் ஏரிக்கு ஏன் ஊரைச் சுற்றிப் போகிறோம் என்று முனகிக்கொண்டே நான் படகின் பின்னால் நடந்தேன்.