மலை மண்ணில் செம்பு

மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவனை ஒருவரும் நம்புவதில்லை. மண் நன்றாக இருந்தால் பார்க்காமலே எழுதிவிட்டான். கெட்டிருந்தால் எதையோ கலந்துவிட்டான் என்பார்கள். வாடிக்கையாளரிடம் பேச்சு வாங்கிய அனுபவம் உள்ளவர்களே, என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

பாதிப் பை

ஜெயந்தி காஞ்சிபுரத்தில் நெசவு வீட்டுப் பெண். ஊர் மண்ணில் சாயத் தண்ணீர் கலந்திருக்கும் என்ற பயத்தில், மலை மண் மூட்டை வாங்கி மொட்டைமாடியில் கீரை போட்டிருந்தாள். எல்லாம் ஒரு வயசுப் பிள்ளைக்காக. கீரை வெளுத்துப் போயிற்று. எதிர்வீட்டுச் சாயப்பட்டறை காதர் பாய்தான் ஏதோ ஊற்றிவிட்டார் என்று அவரோடு பேச்சையே நிறுத்திவிட்டாள். கொண்டுவந்த மண்ணில் பாதியை மட்டும் என்னிடம் கொட்டினாள்.

"மீதி என்கிட்டயே இருக்கட்டும் சார். நீங்க மண்ண மாத்திட்டா எனக்கு எப்டி தெரியும்?"

ஜரிகைக் கண்

மண்ணில் செம்பு எக்கச்சக்கம். மண்ணைச் செம்புச் சொம்பில் அள்ளியிருப்பாளோ என்று இந்த முறை எனக்குச் சந்தேகம். பிரிக்காத மூட்டை ஒன்றைக் கொண்டுவரச் சொன்னேன். அதிலும் அதே செம்பு. காதர் பாய் மேல் தப்பில்லை.

ஜெயந்தியின் கணவர் பட்டுக்கடையில் ஜரிகை சோதிப்பவர். ஜரிகையில் வெள்ளி குறைந்து செம்பு ஏறினால் மட்டம் என்பது அவர் கணக்கு. ரிப்போர்ட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"செம்பு இவ்ளோ இருக்குது, வெள்ளி எவ்ளோன்னு போடவேயில்லியேபா?"

எதிர்வீடு

மண் விற்றவரைப் பிடித்து விசாரித்தேன். மண், மலையில் ஒரு பழைய காப்பித் தோட்டத்திலிருந்து வந்ததாம். இலை நோய்க்காக அங்கே வருஷா வருஷம் மயில்துத்தம் கலந்து தெளிப்பார்கள். மயில்துத்தத்தில் இருப்பது செம்பு. இலை மக்கிய கறுப்பு மண் அதைப் பிடித்துக்கொள்ளும். மழை அடித்தாலும் எளிதில் விடாது. ஜெயந்தி எந்தக் கறுப்பைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கினாளோ, அந்தக் கறுப்பில்தான் செம்பு சேர்ந்திருந்தது.

இதைச் சொன்னதும் அவள் முகம் செத்துவிட்டது. "நான்தானே சார் புள்ளைக்கு ஊட்டினேன்" என்று அழுதாள். டாக்டர் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்றார். அதன் பிறகுதான் காதர் பாய் வீட்டு வாசலில் போய் நின்றாள். அவர் நூலைப் பிழிந்துகொண்டே கேட்டார்.

"இத்தினி நாளா என்கூட சண்ட. இப்ப மலை மேல ஏறி யார்கூட சண்ட போடப் போற, தங்கச்சி?"

கிண்ணம்

பிறகு அவள் வீட்டுப் பின்கட்டு மண்ணையே பரிசோதித்தேன். அவள் பயந்தபடி ஒன்றுமில்லை. ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு போனவள், கீரை வளர்ந்ததும் கூட்டு செய்து கிண்ணத்தில் கொண்டுவந்தாள், இடுப்பில் பிள்ளையோடு. மரியாதைக்குத்தான் தருகிறாள் என்று நினைத்து நான் சாப்பிடக் கை கழுவினேன்.

"மொதல்ல நீங்க சாப்டுங்க சார். சாயந்திரம் வந்து பாக்கறேன். நல்லா இருந்தீங்கன்னா புள்ளைக்கு ஊட்டறேன்."

எங்கள் கூடத்து இயந்திரங்களில் இந்த ஊர் முழுசாக நம்புவது என் வயிற்றை மட்டும்தான்.