பதவியில் இருக்கும்போதே

எழுபதுகளின் கடைசியில் டெல்லி தரியாகஞ்ச் பதிப்பாளர் ஒருவர் அப்பாவிடம் ஒரு இங்கிலீஷ் புத்தகத்தைத் தமிழில் மொழிபெயர்க்கக் கொடுத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் ஏதோ ஒரு மாநிலச் சட்டசபையில் இருந்த மனிதரின் வாழ்க்கை. அப்பா மத்திய அரசில் குமாஸ்தா. கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் இருந்தோம். வயிற்றில் புற்றுநோய் வந்து மெடிக்கல் லீவில் படுத்திருந்தார். உட்கார்ந்து எழுத முடியாததால் நான் மொழிபெயர்த்து எழுத, அவர் திருத்துவார். டெல்லியிலேயே பிறந்த எனக்குத் தமிழ் நொண்டியடிக்கும்.

அந்த அமெரிக்கர் அப்படியொன்றும் கிழித்துவிடவில்லை. மாவு மில் வைத்திருந்தார், வக்கீலுக்குப் படித்தார், இரண்டு தேர்தலில் தோற்று மூன்றாவதில் ஜெயித்தார். தன் ஊர் ஆற்றுக்கு ஒரு பாலம் கேட்டு வருஷக்கணக்கில் சபையில் மன்றாடினார், பாலம் வரவில்லை. இந்த ஆளைப் பற்றித் தமிழர்கள் எதற்குத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு எரிச்சல். 'டைட் இன் ஆபீஸ்' என்றிருந்த கடைசி வரியை 'அலுவலகத்தில் இறந்தார்' என்று எழுதி முடித்தேன்.

அப்பா சிரித்தார். சிரித்தால் அவருக்கு வலிக்கும்.

"ஆபீஸ்ல இல்லம்மா. பதவில இருக்கறப்பவே போயிட்டார்னு அர்த்தம்." காகிதத்தை என்னிடம் திருப்பித் தந்து, "குடுத்து வச்சவன்" என்றார்.

எனக்குப் புரிந்தது. அந்த மாதக் கடைசியில் அவருக்கு ரிடையர்மென்ட். அதற்கு முன் இறந்தால் வாரிசு என்று எனக்கு வேலை கிடைக்கலாம், குவார்ட்டர்ஸும் எங்களிடமே இருக்கலாம். ஒரு நாள் தாண்டினாலும் இரண்டும் கிடையாது. வீட்டில் யாரும் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. டாக்டர் சொன்ன ஆபரேஷனைப் பற்றி அம்மா மட்டும் நச்சரித்துக்கொண்டே இருந்தாள்.

"அடுத்த மாசம் பாத்துக்கலாம். ஜல்தி என்ன?" என்று அப்பா தட்டிக்கழித்தார்.

நான் அம்மா பக்கம் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை.

இருபத்தெட்டாம் தேதி காலை அம்மா அலறினாள். சமையலறையிலிருந்து ஓடினேன். அப்பாவின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே என் கண் சுவர்க் காலண்டருக்குத்தான் போனது. மூன்று நாள் பாக்கி இருந்தது. நிம்மதியாக இருந்தது, அதற்கு இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

அப்பாவின் ஆபீஸிலேயே எனக்கு வேலை கிடைத்தது. சேர்ந்த அன்று ஒரு படிவம் தந்தார்கள். தந்தை எப்போது இறந்தார், வேலையிலா, ஓய்வுக்குப் பிறகா என்று கேட்டிருந்தது. பதவியில் இருக்கும்போதே என்று எழுதினேன். இந்த முறை தப்பு வரவில்லை.