ஜெபகனி மோந்து பார்த்த கோட்டு

"ஏட்டி ஜினி, இந்தக் கிரீஸ் கறை எந்தச் சோப்புக்கும் போவமாட்டேங்கு. நீ படிக்கப் போறியா, லாரிக்க அடியில உருளப் போறியா?"

குழித்துறையில் ஜெபகனி வீட்டுப் பக்கம் போகிறவர்கள் சனிக்கிழமைதோறும் இதைக் கேட்கலாம். யாரும் மகளுக்காகப் பாவப்பட வேண்டாம். அவள் கல்லூரியில் போடும் காக்கிக் கோட்டு சுத்தமாக வந்தால்தான் அங்கே நிஜமான சண்டை.

போன வருஷம் ஜினி பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும், மெக்கானிக்கல் இன்ஜினியரிங்தான் வேண்டும் என்று நின்றாள். அப்பா ரசலையன் பளபளப்பான ஒரு கல்லூரியைப் பார்த்து மயங்கி, தன் பலசரக்குக் கடையையே அடகு வைக்கக் கிளம்பிவிட்டார். அங்கே ஒரு வருஷத்துக்குக் கேட்ட பணத்தில், பஸ்ஸில் போய்வரும் தூரத்திலுள்ள இன்னொரு கல்லூரியில் நாலு வருஷமும் முடித்துவிடலாம்.

"கொறஞ்ச பீஸுக்கு கொறஞ்ச படிப்புதான் கிட்டும்," என்றார் ரசலையன்.

"கேட்டியளா, அந்தப் பீஸு படிப்புக்கா, ஏசிக்கா? கடையில கைவைக்கதுக்கு முன்ன ரெண்டையும் நான் பாத்துட்டு வாறேன்."

சொன்னபடியே ஜெபகனி மகளோடு போனாள். பளபளப்பான கல்லூரியில் ஜூஸ் கொடுத்தார்கள். ஜெபகனி இரண்டு கிளாஸ் குடித்தாள். பாத்ரூம் போவதாகச் சொல்லிவிட்டு நேரே விடுதியின் பின்பக்கம் போனாள். கொடியில் ஒர்க்‌ஷாப் கோட்டுகள் கல்யாணப் புடவை மாதிரி காய்ந்தன. ஒரு பையன் தன்னுடையதை எடுத்துக்கொண்டிருந்தான்.

"மக்கா, இது உனக்க கோட்டா? எத்தனாவது வருஷம்?"

"மூணாவது, ஆன்டி."

"ஒரு பொட்டுக் கறை இல்லியே?"

"மெஷின் எல்லாம் பூட்டியிருக்கு. யாராவது பாக்க வந்தாத்தான் தொறப்பாவ."

அடுத்த கல்லூரியில் ஜூஸ் இல்லை. சுவரில் பெயின்டும் இல்லை. கொடியில் தொங்கிய கோட்டுகளைப் பார்த்தால் அடுப்படிக் கரித்துணி தோற்றுவிடும். ஜெபகனி ஒன்றை எடுத்து மோந்து பார்த்தாள். வாட்ச்மேன் ஓடி வந்தார்.

"எக்கா, பையன்மாருக்க துணியில உமக்கு என்ன சோலி?"

"களவாண்டு போவேல. மணம் பாக்கேன்."

"எதுக்கு?"

"எம்பிள்ளைய இஞ்ச சேக்கத்தான்."

அவர் வாயில் வைத்த விசிலை எடுத்துப் பைக்குள் போட்டார். மானம் போன ஜினி எப்போதோ நழுவியிருந்தாள். தேடினால், ஒர்க்‌ஷாப்பில் ஒரு சீனியர் பெண்ணோடு கடைசல் மெஷின் பக்கத்தில் நிற்கிறாள். புதுச் சுடிதாரின் கையெல்லாம் எண்ணெய்.

"அம்மா, இவியள் நம்மளையே ஓட்ட விடுவாவளாம்!"

சுடிதார் பாழானதற்கு ஜெபகனி திட்டவில்லை. அதிலேயே, சேரப்போவது இங்கேதான் என்று ஜினிக்குப் புரிந்துவிட்டது.

ரசலையன் இப்போதும் அதே கடையில் அரிசி நிறுக்கிறார். "நாளைக்கு வேலை கிட்டுமா?" என்று கேட்கிறவர்களிடம் ஜெபகனி, "அது அவளுக்க பாடு. கையில தொழில் கேறுதா, அதை நான் தொவைக்கும்போ பாக்கேன்," என்கிறாள்.

பிள்ளையை மெக்கானிக்கலில் சேர்க்க நினைப்பவர்கள், பணம் கட்டும் முன் ஒரு சனிக்கிழமை காலை துவைகல் பக்கம் போய் அவளைப் பார்த்துவிட்டு வாருங்கள். கோட்டைக் கையில் தந்து மோந்து பார்க்கச் சொல்வாள். வெள்ளைச் சட்டை மட்டும் போட்டுப் போக வேண்டாம். போகிற போக்கில் அவளுக்கு ஒரு பார் சோப்பும் வாங்கிக்கொள்ளுங்கள்.