பிரேமிளாவின் இரைச்சல் அடுப்பு

"இன்னுங் கொஞ்சம் தொறங்க நானா. இது இன்னும் முணுமுணுங்குது."

கட்டுகஸ்தோட்டையில் நஸீப் நானாவின் அடுப்புக் கடை வாசலில் பிரேமிளா குனிந்து, எரிகிற அடுப்பின் பக்கம் காதைச் சாய்த்திருந்தார். கண்டி பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. ஒரு கையை உயர்த்தி, அது பாலம் தாண்டும்வரை எல்லாரையும் பொறுக்கச் சொன்னார். மறுபடி காது. மறுபடி உதட்டுப் பிதுக்கல். "ம்ஹூம். இது தேத்தண்ணிக்குத்தான் சரி."

"எல்லாரும் வந்து வெலைய கேப்பாங்க மிஸ்," என்றார் நஸீப். "நீங்க மட்டும்தான் பாட்டு கேக்குற மாதிரி கேக்குறீங்க."

பிரேமிளா சிரித்துக்கொண்டே தோள்பையிலிருந்து தன் சொந்தத் தாச்சியை, பிடி வைத்த அந்த வட்ட அடி இரும்புச் சட்டியை, வெளியே எடுத்தார். அம்பிட்டியவிலிருந்து இரண்டு பஸ் மாறி அதைச் சுமந்து வந்திருந்தார். வழியெல்லாம் அதன் பிடி யார் யாருடைய விலாவிலோ இடித்தது. யார் யாரிடமோ மன்னிப்புக் கேட்டார். பக்கத்து வீட்டுக்காரியான எனக்கு அந்தப் பயணத்தில் ஒரே வேலைதான்: வெறும் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பது.

பிரேமிளா மாநகர சபையில் எழுதுவினைஞர். வயது நாற்பத்தைந்து இருக்கும். சேலை மடிப்புக் கலையாமல் வேலைக்குப் போய், கலையாமல் திரும்பி வருகிறவர். அப்படிப்பட்டவர், சனிக்கிழமையானால் தாச்சியைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறுகிறார் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது.

போன வருடம் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது மணத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பால் பொங்கி அடுப்பில் கருகினால் நான் மதிலுக்கு இந்தப் பக்கமிருந்து கத்துவேன். அவர் பாலுக்குப் பக்கத்திலேயே நின்று லீக்ஸ் வெட்டிக்கொண்டிருப்பார். கருவாட்டுக் கடை, கோயில் கற்பூரம், புதுத் துணி, எல்லாம் அவருக்கு ஒன்றுதான். "மூக்கு இருக்குக்கா, மூக்குத்தி போடுறதுக்கு," என்பார். வரலாம், வராமலும் போகலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். தினமும் காலையில் கராம்பையும் கோப்பித் தூளையும் முகர்ந்து பார்த்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு போத்தலை மூடுவார்.

பிறகு ஒரு மழை நாள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை ஓரமாக ஒதுங்கி நின்றார். கடைக்காரர் தாச்சியைத் தூக்கிச் சுழற்ற, நெருப்பு உள்ளே தாவியது. சோறு மேலே பறந்து விழுந்தது. அந்த நொடியில் ஏதோ ஒன்று மூக்குக்குள் சுருக்கென்று ஏறியது. "கருகின வாசம் இல்லக்கா, கருகுறதுக்கு முன்னுக்கு ஒரு வாசம் வருமே, அது!" என்று அன்று மாலை என் வாசலில் ஈரக் குடையோடு நின்று குதித்தார். அடுத்த தாச்சிக்கும் அது வருமா என்று காத்து நின்றதில் பஸ்ஸை விட்டுவிட்டாராம். இரண்டாவது முறை வரவில்லை.

அதே ஃபிரைட் ரைஸை வீட்டில் செய்து பார்த்தார். வீட்டு அடுப்பில் கரட்டும் முட்டைக்கோவாவும் தண்ணீர் விட்டன. சோறு வதங்கியது, பறக்கவில்லை. "இந்த நெருப்புக்குத் தைரியம் பத்தாது," என்று முடிவு செய்தார். அன்று தொடங்கியது தேடல்.

பெட்டி போல மூடித் தூக்கக்கூடிய, கேஸ் டின் போடும் அடுப்பை முதலில் பார்த்தார். அழகாயிருந்தது. தாச்சியை வைத்ததும் சுடர் அடங்கிப் போனது. அடுத்தது மூன்று கால் வார்ப்பிரும்பு அடுப்பு. நல்ல இரைச்சல்தான், ஆனால் வட்ட அடித் தாச்சி அதன்மேல் ஆடியது. நான் வெறும் பையோடு நின்ற அந்தச் சனிக்கிழமை நஸீப் மூன்றாவதாகக் கொண்டு வந்தது குட்டையானது, கனமானது. சுற்றிலும் காற்றுத் தடுக்க இரும்பு வளையம். பற்ற வைத்ததும் அது "ஹோ" என்று எழுந்தது. நான் இரண்டடி பின்னால் போனேன். பிரேமிளா முன்னால் போனார்.

தாச்சியைக் காய வைத்து, போத்தலிலிருந்து நான்கைந்து துளி தண்ணீர் தெளித்தார். துளிகள் உருண்டு, ஒன்றையொன்று துரத்தி ஓடின.

"பாத்தீங்களா! தண்ணி ஒக்காரல, ஓடுது! நானா, இதுதான்!"

"இது சாப்பாட்டுக் கடைக்காரங்க எடுக்குற சாமான் மிஸ்," நஸீப் சுடரைத் தணித்தார். "ஊட்டுக்குள்ள வெச்சி பத்த வெக்க ஏலாது. ஊட்டு ரெகுலேட்டரும் சரிவராது, இதுக்கு வேற ஒன்டு இரிக்கி. காத்தாடுற எடத்துல வெச்சி, ஒவ்வொரு தரமும் சவுக்காரத் தண்ணி பூசி கசியுதான்னு பாக்கோணும்."

பிரேமிளாவின் கணவர் இராமகிருஷ்ணன் புடவைக் கடையில் வேலை செய்பவர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அந்த அடுப்பு வீட்டுக்கு வந்த அன்று கேட்டேன்.

"கேஸ் கசிஞ்சா ஊருக்கே மணக்கும், ஒனக்கு மணக்குமா? நான் கடையில இருக்கிற நேரம் நீ நெருப்புக் குச்சியக் கிழிச்சா என்னா ஆகும்? சொல்லு!"

அவர் சொன்னது நியாயம். பிரேமிளாவுக்கும் அது தெரியும். முற்றத்தில் வைத்த அடுப்பைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "ஒங்க சட்டையக் கழுவுறப்ப மோந்து பாக்குறேன். அது ஒங்க சட்டையா, கடையில வாங்கின புதுச் சட்டையான்னு எனக்குத் தெரியலீங்க. இப்படியே இருந்துறவா?"

இராமகிருஷ்ணன் குனிந்து அடுப்பின் குழாயைத் தொட்டுப் பார்த்தார். "நான் இல்லாம பத்த வைக்கக் கூடாது," என்றார் கடைசியில். "நான்தான் மூக்கு."

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைகள் எங்கள் ஒழுங்கை வீடுகளுக்கெல்லாம் திருவிழாவாயின. மூக்கு சிலிண்டரின் அருகில் நிற்கும். பிரேமிளா சேலையை இழுத்துச் செருகி, குழாய் நெடுகச் சவர்க்கார நுரை பூசி, குமிழி எழவில்லை என்று இரண்டு பேரும் பார்த்த பிறகே பற்ற வைப்பார். முதல் ஞாயிறு எண்ணெயே தீப்பற்றி, சோறு கரியானது. "பரவால்ல, நெருப்பு வேலை செய்யுது!" அடுத்த முறை ஆசையில் அளவுக்கு மீறிக் கொட்டி, எல்லாம் குழைந்தது. தோல்வி அவரை இன்னும் குஷிப்படுத்தியது. பழஞ்சோறு, கொஞ்சங் கொஞ்சமாக, கை நிற்கக் கூடாது என்று தனக்குத்தானே கட்டளையிடுவார். மணம் மட்டும் வரவில்லை. தட்டை எங்களிடம் நீட்டி, "எப்படி மணக்குது? சரியாச் சொல்லுங்க," என்று வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார். சரியாகச் சொல்ல எங்களுக்குத் தெரியாது.

போன ஞாயிறு மழை விட்டிருந்தது. அடுப்பு ஹோவென்றது. எண்ணெய் புகைந்ததும் முட்டை, சோறு, கடைசியில் லீக்ஸ். தாச்சி சுழன்றது, சுடர் ஓரத்தில் தாவி உள்ளே எட்டிப் பார்த்தது. திடீரென்று பிரேமிளாவின் கை நின்றது.

"என்னாங்க, லீக்ஸ் கருகப் போகுது."

"இல்லியே," என்றார் இராமகிருஷ்ணன், முகர்ந்துகொண்டே. பிறகு அவர் முகம் மாறியது. இப்போதுதான் அந்த வாசம் எங்கள் பக்கம் வந்திருந்தது. "ஆமா... ஆமா பிரேமிளா! ஒனக்கு எப்படி..."

பிரேமிளா இடது கையால் அடுப்பைத் திருகி அணைத்தார். கரண்டியை என் கையில் திணித்தார். பொது இடத்தில் கணவரின் பக்கத்தில்கூட உட்காராத அந்தப் பெண், நான் பார்த்துக்கொண்டிருக்க, அவருடைய சட்டைக் காலரை இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்து, அதில் முகத்தைப் புதைத்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.