பட்டுவாடா ஆகாத பன்னிரண்டு எலுமிச்சைகள்

ப்வா நோயெல் கிராமத்து அஞ்சலகத்தை முப்பத்தோரு வருடம் நடத்திய க்ளோத்தில் செவரன் ஒரே ஒரு தடவைதான் மேலிடத்திலிருந்து கண்டனக் கடிதம் வாங்கினாள். அதுவும் விதியை மீறியதற்காக அல்ல; அதைக் கடைப்பிடித்த விதத்துக்காக.

பனாமாவில் கால்வாய் வெட்ட டொமினிக்கா தீவிலிருந்து ஆண்கள் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு செவ்வாய்க்கிழமை தலைநகர் ரோஸோவிலிருந்து வந்த தபால் படகில் சாக்குத் தைத்த கூடை ஒன்று இறங்கியது. அரசாங்கத் தாவரத் தோட்டம் அனுப்பியது. உள்ளே மூங்கில் குழாய்களில் பன்னிரண்டு எலுமிச்சைக் கன்றுகள். சிறு விவசாயிகளுக்குத் தோட்டம் இலவசமாகக் கொடுத்தது, ஆளுக்கு ஒரு தடவை மட்டும். பெறுநர் பெயர் இசிடோர் லாரோந்த். அவன் கன்று கேட்டு மனுப் போட்டுவிட்டுப் பனாமா போய் ஏழு மாதம் ஆகியிருந்தது.

அவன் மனைவி தித்தீன் கூடையை வாங்க வந்தாள். அவளுடைய மகளுக்கு க்ளோத்தில்தான் ஞானத்தாய். அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் 'மாக்கொமே' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அவர் கையெழுத்து இல்லாம குடுக்க முடியாது, மாக்கொமே. இல்லன்னா எழுத்துல சம்மதம் வேணும்."

"ஏழு மாசமா ஒரு வரி எழுதாத மனுஷன்கிட்ட சம்மதமா? தபால் பிரிக்கிறவ நீ. உனக்குத் தெரியாதா?"

"நானே எழுதிக் கேக்கறேன். ஒரு மாசம் இங்க வச்சிருக்கலாம். அப்புறம் திருப்பி அனுப்பணும்."

"எதை? சுள்ளியையா?"

தித்தீனின் சரிவு நிலத்தில் அந்த வருடம் வேறு எதுவும் ஊன்ற வழியில்லை. குழி வெட்டித் தயாராக வைத்திருந்தாள். க்ளோத்திலுக்கும் அது தெரியும். சாக்கின் இடுக்கு வழியாகத் தினமும் தண்ணீர் விட்டாள். பன்னிரண்டாம் நாள் இலைகள் சுருண்டு, வேர் மூங்கிலின் அடித்துளை வழியாக வெளியே வந்தது.

அன்று மதியம் அவள் விதிப் புத்தகத்தை முதலிலிருந்து படித்தாள். சேதமாகும் நிலையிலுள்ள பொருளை அஞ்சலக அதிகாரி பிரித்து, தக்க முறையில் மறுபடி கட்டலாம். ஆனால் பொருள் அலுவலக எல்லையை விட்டு வெளியே போகக்கூடாது. அலுவலக எல்லை என்பது வீடும், கல்சுவர் வரையுள்ள முற்றமும். அவள் முற்றத்தில் பன்னிரண்டு குழி தோண்டிக் கன்றுகளை நட்டாள். முதல் கன்றில் விலாசச் சீட்டைக் கட்டினாள். பதிவேட்டில் 'மறுகட்டு செய்யப்பட்டது' என்று எழுதினாள்.

துணிச்சல்காரி என்று அவளைச் சொன்னால் அது மிகை. அவளுக்கு வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. விதிக்குப் பயந்தவர்கள்தான் அதை அத்தனை தூரம் படிக்கிறார்கள்.

தித்தீன் வந்து சுவருக்கு அப்பால் நின்று பார்த்தாள். "நல்ல கெட்டிக்காரிதான் நீ. என் கன்று, உன் முற்றம்!" அதன்பிறகு அவள் அந்தப் பக்கமே வரவில்லை. தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து, பார்சல் ஏன் திரும்பவில்லை என்று விசாரிக்க இன்ஸ்பெக்டர் பெல்லமி கோவேறு கழுதையில் மலையேறி வந்தார்.

"மிஸ் செவரன், பார்சல் எங்க?"

"ஆஃபீஸ்லதான் இருக்கு, ஐயா." பின்கதவைத் திறந்து காட்டினாள்.

"இது பார்சலா?"

"சீட்டு கட்டியிருக்கு, ஐயா."

அவர் சிரிக்கவில்லை. தோண்டித் திருப்பி அனுப்பச் சொன்னார். கன்றுகள் திரும்பி வருவதாக அவள் தாவரத் தோட்டத்துக்கு முன்னறிவிப்பு எழுதினாள். பதில் உடனே வந்தது: வெளிமண்ணில் ஊன்றிய செடியைப் பூச்சி பயத்தால் திரும்ப ஏற்பதற்கில்லை. திருப்பு என்றது அஞ்சல் துறை. அனுப்பாதே என்றது தோட்டம். ஒரே ஊரிலிருந்த இரண்டு அலுவலகங்களும் நான்கு மாதம் ஒன்றுக்கொன்று கடிதம் எழுதி ஓய்ந்தன. மிஞ்சியது க்ளோத்திலுக்கு வந்த கண்டனம். வேலை தப்பியது.

பிறகு, பனாமாவுக்கு அவள் எழுதிய கடிதம் 'இப்படி ஒருவர் இங்கில்லை' என்ற முத்திரையோடு திரும்பி வந்தது. க்ளோத்தில் வேலை நேரத்தில் அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு தித்தீன் வீட்டுக்கு நடந்தாள். தித்தீனுக்குப் படிக்கத் தெரியாது. உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"செத்துட்டாரா?"

"அப்படிப் போடல, மாக்கொமே. அங்க இல்லன்னுதான் போட்டிருக்கு."

செத்தான் என்றிருந்தால் விதவையாகக் கைநாட்டு வைத்துக் கன்றுகளை வாங்கியிருக்கலாம். அதற்கும் வழியில்லை. மறுநாள் காலை தித்தீன் சுரைக்குடுவையில் தண்ணீரோடு அஞ்சலக முற்றத்துக்கு வந்தாள். அன்றிலிருந்து தினமும் வந்தாள்.

ஐந்தாம் வருடம் காய்த்தது. தித்தீன் ஒரு காயைத் தொட்டபடி கேட்டாள்: "இதுக்கும் அவர் கையெழுத்து வேணுமா?"

க்ளோத்தில் உள்ளே போனாள். விதிப் புத்தகத்தோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வெளியே வந்தாள்.

"காய் தபால்ல வரல. பறிச்சுக்கோ."

தித்தீன் அந்தக் காய்களின் விதையிலிருந்து கன்று வளர்த்துத் தன் சரிவை நிரப்பினாள். மாதக் கடைசியில் க்ளோத்தில் எழுதும் அறிக்கையில் மட்டும், அவள் ஓய்வு பெறும்வரை, ஒரு வரி மாறவேயில்லை: பார்சல் ஒன்று, பெறுநருக்காகக் காத்திருக்கிறது, நல்ல நிலையில்.